கோச்சின் அக்கா மகள்

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் வீடு" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினாள் சரசு.

ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. மைசூர் ஜூனியர் பெண்கள் அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. மூன்றுக்கு இரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். சரசுவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் மகள் மனிஷாதான் கோல் கீப்பர். உள்ளே போன அந்த இரண்டு கோலும் அவள் தலையில்தானே விடியும்?

ஊரே கிரிக்கெட் உலகக் கோப்பை என்று பைத்தியம் பிடித்து அலைந்த தொண்ணூற்றாறாம் வருஷம் அது. ஹாக்கி பார்க்க வந்தது பெரும்பாலும் ஆடுகிற பெண்களின் அம்மாக்கள்தான். அவர்களில் சரசுவுக்கு ஹாக்கி அவ்வளவாகத் தெரியாது. மண்டி மொஹல்லாவில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவளுக்கு அதெல்லாம் எதற்கு? ஆனால் யாரால் கோல் விழுந்தது என்று சொல்ல ஹாக்கி தெரிய வேண்டுமா என்ன, கண் இருந்தால் போதாதா?

எல்லாம் அந்த ஸ்வாதியால் வந்த வினை. நடுவில் ஆடுகிறவள். பந்து கிடைத்தால் ஓங்கி ஒரு அடி அடித்து அந்தப் பக்கம் அனுப்ப வேண்டியதுதானே. மாட்டாள். மட்டையைத் திருப்பித் திருப்பி ஒருத்தியை ஏமாற்றுவாள், அடுத்தவளையும் ஏமாற்றுவாள். அதற்கடுத்தவள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே மனிஷாவிடம் வந்து நிற்பாள். இன்றைக்கு விழுந்த இரண்டு கோலும் அப்படி விழுந்தவைதான்.

கடைசியில் அதே மாதிரி நாலு பேரைத் தாண்டிக்கொண்டு போய் ஸ்வாதி போட்ட கோலில்தான் ஆட்டமே ஜெயித்தது. அதையும் சரசு பார்க்காமல் இல்லை. ஆனால் போன வாரம் மண்டியா அணியோடு ஆடியபோது ஸ்வாதி தொலைத்த பந்தைத் தடுக்கப் பாய்ந்து, மனிஷாவுக்குத் தோள் கன்றிப்போய் வீங்கிவிட்டது. அதற்குப் பத்துப் போட்டவள் ஸ்வாதியின் அம்மாவா, சரசுவா?

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். மாநில முகாமுக்கு ஆள் எடுக்கப் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, மேற்கொண்டு படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நஞ்சன்கூட்டு ஃபாக்டரியில் ஷிப்ட் பார்க்கிற அவள் புருஷன் குப்புசாமி, பெண்ணைப் பத்தாவதுக்கு மேல் படிக்க வைப்பதற்கு இதைத்தான் நம்பியிருந்தான். அங்கேயும் ஸ்வாதி இந்த வித்தையைக் காட்டினால், கோல் விட்ட கீப்பரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இத்தனை செய்தும் ஸ்வாதியை ஏன் வெளியே உட்கார வைக்கவில்லை? ஊரறிந்த விஷயம். அவள் கோச் ரத்தினசாமியின் சொந்த அக்கா மகள். அம்மாக்கள் எல்லோரும் இதையே முணுமுணுத்தார்கள். நேரில் கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. சரசுவுக்கு வந்தது.

ரத்தினசாமி பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனிஷா தரையில் உட்கார்ந்து, காலில் கட்டிய பேடின் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வருகிற வேகத்தைப் பார்த்ததுமே அவள் முகம் வெளிறிவிட்டது.

சரசு சுற்றி வளைக்கவில்லை. அக்கா மகள் பேர் வாங்குவதற்காக என் மகள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடலாமா என்று கேட்டாள். ஏழை பாழை வீட்டுப் பிள்ளை என்றால் அடி வாங்கவே பிறந்ததா என்றும் கேட்டாள். போய்க்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மனுஷன் எரிந்து விழுவார் என்றுதான் நினைத்தாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"நீங்க கேக்கறதுல தப்பில்லை சரசம்மா. மண்டியா மேட்ச் முடிஞ்ச அன்னிக்கே, இனிமே நீ வெளியில உட்காருன்னு ஸ்வாதிகிட்ட சொல்லிட்டேன். அதுலருந்து எங்க அக்கா என்னோட பேசறதில்லை."

சரசுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்புறம் இன்னிக்கு எப்படிங்க ஆடினா?"

"மறுநாள் காலையில ஒருத்தி வந்தா. ஸ்வாதி இல்லாத டீம்ல நானும் இல்லைன்னு பேடைக் கொண்டுவந்து என் முன்னால வெச்சிட்டா. நானும் சொல்லிப் பார்த்தேன், அசையலை. யாருன்னு கேக்கறீங்களா? இதோ, உங்க பொண்ணுதான்."

சரசு மகளைப் பார்த்தாள். பளாரென்று ஒன்று விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

"ஏண்டி, உனக்கு மூளை இருக்கா? அவ பண்ற தப்புக்கெல்லாம் உம் பேருதானே கெடுது? ஞாயித்துக்கிழமை உன்னை எடுக்காமப் போயிட்டா அப்பாகிட்ட என்ன சொல்லுவே?"

மனிஷா குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண்.

"அவ மாதிரி ஆட எங்க யாருக்கும் வராதும்மா. தப்பாயிடுமோன்னு பயந்துக்கிட்டே ஆடினா அவளுக்கும் வராது."

பட்டையை அவிழ்த்து முடித்துவிட்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"முன்னால ஆடறவங்க தப்பே பண்ணக்கூடாதுன்னா, பின்னால என்னை எதுக்கும்மா நிக்க வெச்சிருக்காங்க?"