இரண்டாவது நீல உடை

பிரேசிலின் ஒலிந்தா நகரத்துச் சிறுவழக்கு மன்றத்தில், சன்னல் வழியே வரும் காலை வெயில் மேசைமேல் கிடக்கும் இரண்டு புகைப்படங்களில் விழுகிறது. இரண்டிலும் மயிலிறகு வைத்த ஒரே நீலக் கார்னிவல் உடை. ஒன்றில் வழக்குப் போட்ட டல்வினா, மற்றதில் இந்த வருடம் ராணிப் பட்டம் வாங்கிய ஜுசாரா. ஜுசாராவின் இடுப்பில் துணி படிந்திருக்கும் அழகிலிருந்து டல்வினாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. "இதே மாதிரி வேற யாருக்கும் தைக்க மாட்டேன்னு வாய்வார்த்தையா சொன்னீங்களா?" என்று நீதிபதி கேட்கிறார். தையற்காரி சுலெய்டி, ஊசி குத்தித் தடித்த விரலைத் தடவிக்கொள்கிறாள். "சொன்னேம்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." டல்வினா நிமிர்ந்து உட்கார்கிறாள். "அப்புறம் ஏன் தைச்சீங்க?" என்கிறார் நீதிபதி. "வேற உடைக்கு அளவு கொடுக்க வந்த ஜுசாரா மேல மிச்சத் துணியைச் சும்மா போட்டுப் பார்த்தேன். அவளுக்குன்னே நெய்த மாதிரி இருந்துச்சு. எடுக்க மனசு வரலை." மின்விசிறிக் காற்றில் படங்களின் ஓரம் படபடக்கிறது. தீர்ப்பு டல்வினா பக்கம்தான். கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவள் தொடவில்லை. "சுலெய்டி அக்கா, பன்னெண்டு வருஷமா எனக்குத் தைக்கிறீங்க," என்கிறாள் மெல்ல. "ஒருநாளாவது என்னைப் பார்த்து உங்களுக்கு அப்படித் தோணுச்சா?" சுலெய்டி குனிந்து, கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்குகிறாள்.