மெதுவாக எழுதிய சிடி

இறந்துபோன தம்பியின் பேச்சு செல்போனில் பதினோரு நிமிடம் இருந்தது. அக்கா அதைச் சிடியில் ஏற்றக் கடைக்குக் கொண்டுவந்தாள். ஐம்பத்திரண்டு மடங்கு வேகத்தில் எழுதியதில் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"வேகமா சுத்துனா லேசர் சரியா பதியாதும்மா. கொஞ்சம் மெதுவா போடுறேன்," என்றார் கடைக்காரர்.

எட்டு மடங்கில் குரல் தெளிந்தது. நீளம் பன்னிரண்டு நிமிடம். நான்கு மடங்கில் எழுதியபோது பதினான்கு. கூடுதலாக வந்த நிமிடங்களில் தம்பி அவள் மகளைப் பேர் சொல்லி விசாரித்தான். மகள் பிறந்ததே அவன் போன பிறகுதான்.

"இதோட விட்டுரலாமேம்மா," என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணா. இன்னும் மெதுவா எழுதுங்க."

அவர் வேகத்தை ஒரு மடங்காகக் குறைத்தார். அந்த வேகத்தில் எழுத, பேச்சு ஓடும் நேரமே பிடிக்கும். எழுபத்தொன்பது நிமிடம் என்று காட்டியது திரை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.