ஆரஞ்சு வட்டம்

"இன்னிக்கும் யாரும் கூப்பிடலையா?"

மேலாளரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். தொலைபேசி முன்னால் உட்கார்ந்திருந்த வடிவமைப்பாளன் உதட்டைப் பிதுக்கினான்.

தனியாக இருப்பவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு செயலி. அதன் முகப்பை வரைந்தவன் அவன்தான். கூப்பிடுபவர்களோடு பேசுகிற வேலையையும் மாலை நேரத்தில் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போனால் சுவரோடுதான் பேச வேண்டும்.

"மூணு வாரம் ஆச்சுப்பா. இந்த வட்டாரத்துல மட்டும் நானூறு பேர் போன்ல ஏத்தியிருக்காங்க. ஒருத்தர்கூடப் பேசலை. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரு கால்கூட வரலைன்னா மூடிடச் சொல்லிட்டாங்க."

"நான் வரைஞ்சது சரியில்லையோ மேடம்?"

"அட, பரிசே வாங்கியிருக்கியே! வெள்ளைத் திரை, நடுவுல ஒரே ஒரு ஆரஞ்சு வட்டம். எங்க வீட்டுக்காரர் ஃப்ரேம் போட்டு மாட்டலாங்கிறார்."

பதினோரு முறை வரைந்து, ஒவ்வொன்றாக நீக்கி எடுத்த வட்டம் அது. முதலில் நிழல் போயிற்று, பிறகு விளிம்பு, கடைசியாக எழுத்து. சுவரொட்டிகளிலும் ரயில் நிலையப் பலகைகளிலும் வளர்ந்த பாணி. எந்த மொழிக்காரருக்கும் ஓடுகிற ஓட்டத்திலேயே புரிந்துவிட வேண்டும்.

"அப்புறம் ஏன் மேடம் யாருமே பேசலை?"

"யாருக்கும் தனிமை இல்லைன்னு சந்தோஷப்படு. இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான் பாவம் போல!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே தான் ஒருவன்தானோ?

ஆறு மணியும் ஆயிற்று. தொலைபேசி வாயைத் திறக்கவில்லை. இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தான்.

அவன் குடியிருந்த கட்டடத்தின் வாசற்படியில் கீழ் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு வருடமாகப் பார்த்தால் ஒரு புன்னகை, அவ்வளவுதான் பழக்கம்.

"என்னண்ணே, வெளியில உக்காந்துட்டீங்க?"

"உள்ள யாரு தம்பி இருக்கா? இங்கன்னா போற வர்ற நாலு முகமாவது கண்ணுல படும்."

அவர் மடியில் போன் வெளிச்சமாக இருந்தது. வெள்ளைத் திரை. நடுவில் ஆரஞ்சு வட்டம்.

அவன் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தான். "இது... இது எப்படியிருக்குண்ணே?"

"லட்சணமா இருக்கு தம்பி. பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

"ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கலையா?"

"எதை அழுத்தறது? பட்டன் ஒண்ணும் இல்லையே, வெறும் படம்தானே இருக்கு!" என்றவர், திரை அணைந்துவிடாமல் விரலால் ஓரத்தைத் தட்டிவிட்டார். "மூணு வாரமா தினமும் சாயங்காலம் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எப்பதான் தம்பி பேசுவாங்க?"