பிடித்தால் தட்டுகிறது

முன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சைக்கிளின் முன்பக்கம் டொக்கென்று தட்டியது.

"எல்லாம் உன்னாலதான். நீ சும்மா இருந்தா சத்தமே வராது," என்றது ஹேண்டில்பார்.

பிரேக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. பாலத்து மேட்டில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தியது. "எங்கே தட்டுதுன்னு பார்க்காம நகரமாட்டேன். முன்னும் பின்னும் ஆட்டு."

ஹேண்டில்பார் வேண்டாவெறுப்பாக ஆட்டியது. டொக். சக்கரம் அசையவில்லை, பிரேக்கும் அசையவில்லை. ஹேண்டில்பாரின் கழுத்துதான் ஆடியது. அங்கே நட்டு லூஸாகிக் கிடந்தது.

ஹேண்டில்பார் கழுத்தை நேராக்கிக்கொண்டது. பிறகு, "அதான் சொன்னேன். நீ பிடிக்காம இருந்திருந்தா, இது தெரிஞ்சே இருக்காது," என்றது.

எதிரே இறக்கம் நீண்டு கிடந்தது. பிரேக் பிடித்த பிடியை விடவில்லை.