முதல் பன்னிரண்டு செகண்ட்

புழு வளர்க்கிற மனைக்குள் சத்தமே இல்லை.

நேற்று ராத்திரி வரை பட்டுப்புழுக்கள் இலை தின்னும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. தகரத்தின் மேல் மழை விழுகிற மாதிரி. புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

இப்போது அடுக்கு அடுக்காக எல்லாம் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, பச்சையாகக் கக்கிக்கொண்டு கிடந்தன. இன்னும் நாலே நாளில் கூடு கட்டியிருக்க வேண்டியவை.

கலைமதி ஒன்றைக் கையில் எடுத்தாள். சுருங்கிப்போய்க் கிடந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பட்டு ஆபீஸ்காரர் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பூச்சி மருந்து பட்ட இலை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு.

பக்கத்துத் தக்காளித் தோட்டத்து மதியழகனும் வந்தார். உள்ளே வர மனசில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"நேத்து மருந்தடிக்கறப்ப, காத்து உங்க பக்கம் அடிக்குது, இந்த ஓரத்துல இலை அறுக்காதீங்கன்னு ரெண்டு தடவ கத்துனேனுங்க அக்கா."

"அந்தக் காத்துல என்னத்தக் கேக்கும், வுடுங்க" என்றாள் அம்மா தீர்த்தம்மாள்.

மணி இரண்டரை. சியோலில் ஆறு. அங்கே புதுப்பாட்டு இறங்குகிற நேரம்.

இந்த நிமிடத்துக்காகக் கலைமதி மூன்று மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். புசானில் பாட்டுகளுக்கு பீட் போடுகிற ஹேஜின் அக்கா ஆன்லைனில் பழக்கம். "பாட்டு ஆரம்பிக்க ஒரு நிஜச் சத்தம் வேணும், யாருமே கேட்டிராத சத்தம்" என்று அவள் கேட்டபோது, போன வெள்ளாமையில் போனில் பிடித்து இவள் அனுப்பியது இந்த மனையின் சத்தத்தைத்தான்.

காலேஜ் பஸ்ஸில் சொன்னாள். "ஏன்டி, கடத்தூர்ப் புழு கொரியாவுல போயிப் பாடப்போவுதா?" என்று கூடப் படிக்கிற யுவராணி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

ஹெட்போன் ஆணியில் தொங்கியது. கலைமதி அதைத் தொடவில்லை. போனில் அப்படியே சத்தமாக வைத்தாள்.

சரசரவென்று தொடங்கியது. அத்தனை அடுக்கும் ஒன்றாகத் தின்கிற சத்தம்.

வெளியே குழி வெட்டிக்கொண்டிருந்த அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முழங்கை வரை மண்.

"ஏ கலை, திங்குதா? திங்க ஆரம்பிச்சிருச்சாடி?"

கலைமதி போனைத் தூக்கிக் காட்டினாள்.

பன்னிரண்டாவது செகண்டில் கிக் டிரம் விழுந்தது. அமெரிக்க ஜெர்சி கிளப் அடி, அதன் மேல் லண்டன் கராஜ் பாணியில் ஹைஹாட் தாளத்தட்டு, கோரஸில் ஆப்பிரிக்கத் தாளம். இரண்டே கால் நிமிடத்தில் மூன்று கண்டத்தைச் சுற்றிவிட்டு முடிந்துவிடுகிற பாட்டு. நடுவில் மெட்டு மாறுகிற பிரிட்ஜ் கூடக் கிடையாது, அதற்கெல்லாம் இப்போது யாருக்குப் பொறுமை. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொல்லி அம்மாவின் உயிரை எடுத்திருப்பாள்.

அம்மா அடுக்குகளைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"பாட்டா" என்றாள்.

கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மொதல்ல வர்றத மட்டும் இன்னொருக்கா போடு."

கலைமதி பாட்டைத் தொடக்கத்துக்கு இழுத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பதினோராவது செகண்டில், கிக் விழுவதற்கு முன்னால், கலைமதி மறுபடி இழுத்தாள். மறுபடி.

அம்மா இதை இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

கலைமதி நேற்றே கேட்டுவிட்டாள். ஹேஜின் அக்கா பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டிருந்தாள். சாயங்காலம் தோட்டத்து ஓரத்தில் இலை அறுக்கும்போது, இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இதே பன்னிரண்டு செகண்டைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், முதுகில் மருந்தடிக்கிற டப்பாவோடு மதியழகன் மாமா இவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.

இவளும் சிரித்துக்கொண்டே ஆட்டினாள்.