எழுபத்திரண்டு பாதிகள்

"இது இனி ஓடாதும்மா. வேற வாங்கிடுங்க" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர்.

தையற்காரி அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அது அவருடைய கேமரா. அவள் கையிலா கெட்டுப்போக வேண்டும்?

கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று, பழையதைப் போலவே ஹாஃப் ஃபிரேம்; ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு பாதிப் படங்கள் விழும். முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு எடுக்கலாம். அடுத்தடுத்து எடுத்த இரண்டும் ஒரே பிரிண்டில் பக்கத்துப் பக்கத்தில் வரும். மற்றது சாதாரண காம்பாக்ட். ஒரு அமுக்கு, ஒரு படம். பெரிதாக்கினாலும் முகம் துல்லியமாக இருக்கும் என்றார்.

"எங்களுக்குப் பாதிப் படம்தாங்க சரி. எனக்குப் பகல் வேலை, அவருக்கு ரொட்டி ஆலையில ராத்திரி வேலை. அவர் ஒண்ணு எடுத்துட்டு மேஜை மேல வச்சிட்டுப் போவார். அடுத்தது நான் எடுப்பேன்."

போன சுருளின் பிரிண்டுகளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். இடப்பக்கம், ஜன்னலில் காயும் அவருடைய சட்டை. வலப்பக்கம், அதே ஜன்னலில் அவள் பிடித்த மழை. இன்னொன்றில் அவர் தண்ணீர் ஊற்றிய செடி, பக்கத்தில் அதே செடியில் அவள் கண்ட முதல் மொட்டு. எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

உங்கள் வீட்டுக்காரர் நல்ல ரசனைக்காரர் என்றார் கடைக்காரர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாம் சரிம்மா. ஒண்ணுலகூட ரெண்டு பேரும் இல்லையே? காம்பாக்ட்ல டைமர் இருக்கு. அமுக்கிட்டு ஓடிப்போய் பக்கத்துல நின்னுக்கலாம்."

பாதியே போதும், இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாதே என்றது ஒரு மனம். இன்னொரு மனம் கேட்கவில்லை. காம்பாக்ட்டை வாங்கிக்கொண்டாள்.

அவள் அறைக்கு வந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். தலையணையில் ரொட்டி வாசனை மிச்சமிருந்தது. அதில் கன்னம் வைத்துச் சற்று நேரம் கிடந்தாள். பிறகு எழுந்து, மேஜையில் வைக்க ஒரு சீட்டு எழுதினாள். நாலைக் கிழித்துப் போட்ட பிறகு ஐந்தாவதுதான் தேறியது.

"உங்க கேமரா என்னாலதான் கெட்டுப்போச்சு, மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமா கிளம்புங்க, சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கலாம். வீட்டுக்காரம்மா இந்த அறையைப் பகலுக்கு உங்களுக்கும் ராத்திரிக்கு எனக்கும் வாடகைக்கு விட்டு ரெண்டு வருஷமாச்சு. உங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது."