கழலாத மோதிரம்

சவர்க்காரத்துக்கும் மோதிரம் அசையவில்லை. சறோஜா பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

"எண்ணெய் விட்டனியே?" குளியலறை வாசலில் காவல் நின்ற நிரோசினி கேட்டாள்.

"அரைப் போத்தல் ஒலிவ் எண்ணெய் முடிஞ்சுது. விரலைப் பொரிக்கிறதுதான் மிச்சம்."

"வீட்டுக்காரச் சிஞ்ஞோரா சேர்ச்சில பூசை முடிஞ்சு வாற நேரமடி. களவெண்டு நினைச்சாவெண்டால் அடுத்த கிழமை உன்ர விசாப் பெர்மெசோவுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? புருசனையும் கூட்டிக்கொண்டு பலெர்மோவை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான்."

களவில்லை. களவாக இருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது என்று சறோஜாவுக்குத் தோன்றியது.

கை வீங்கியதால் சிஞ்ஞோரா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கட்டிலருகே கிண்ணத்தில் போட்டிருந்தார். நாலு இத்தாலிய நர்ஸ்மாரைக் கடித்துத் துரத்திய அவருடைய கணவர், சறோஜா ஊட்டினால் மட்டும் வாய் திறப்பார். இன்று சூப்பைக் குடித்துவிட்டு அந்த மோதிரத்தை எடுத்து அவள் விரலில் மாட்டினார். பிறகு அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கையை இழுத்திருக்கலாம். கழுத்தில் தாலியோடு இருப்பவள் இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை.

எல்லாம் அந்தத் தபாலட்டையால் வந்தது. சிஞ்ஞோராவின் அலங்கார மேசைக் கண்ணாடியில் செருகியிருந்த பழைய பகிடி அட்டை. கட்டிலில் போர்வைக்குள் ஒளிக்கும் புருசன். உள்ளே வரும் கன்னங்கரிய நர்ஸ். கதவடியில் வெற்றிச் சிரிப்போடு பெண்சாதி. 'இனி எனக்கு நித்திரை வரும்' என்று கீழே எழுதியிருந்தது.

அதைப் பார்த்த அன்றுதான் சறோஜாவுக்கு விளங்கியது. ஊரில் நர்ஸாக இருந்த, வெள்ளையான நிரோசினியை வீடு கூட்ட வைத்துவிட்டு, காய்ச்சல்கூடப் பார்க்கத் தெரியாத தன்னைச் சிஞ்ஞோரா நோயாளியிடம் விட்டது, இந்த நிறத்தைப் புருசன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார் என்று நம்பித்தான்.

அதனால் மோதிரம் விரலில் ஏறிய அந்த நிமிடம், அட்டைப் பெண்சாதியின் சிரிப்பு இவள் முகத்தில் வந்திருந்தது. இப்போது அந்தச் சிரிப்புத்தான் உறுத்தியது.

"வந்திட்டாவடி!" நிரோசினி தும்புத்தடியோடு ஓடினாள்.

சறோஜா நோயாளியின் அறைக்கு வந்தாள்; கையை மறைக்கவில்லை. தெரிந்த இத்தாலியச் சொல்லையெல்லாம் கூட்டி நடந்ததைச் சொன்னாள். "பிழை என்னில்தான், சிஞ்ஞோரா. நான் கையை இழுக்கவில்லை."

சிஞ்ஞோரா தூங்கும் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கழற்றாதே, மகளே. அறுபது வருஷத்துக்கு முன்னால் இவர் ஆபிரிக்காவில் பட்டாளத்தில் இருந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் உன் நிறத்தில் ஒரு நர்ஸ். அவளுக்கென்று வாங்கிய மோதிரம் இது. உன்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அதற்காகத்தான் உன்னை எடுத்தேன்."

"அவவுக்கு என்ன நடந்தது?"

"அந்த அட்டையை அவருக்கு அனுப்பி, 'ஊர் இப்படித்தான் சிரிக்கும்' என்று எழுதினேன். பயந்து, அட்டையும் மோதிரமுமாக என்னிடமே திரும்பி வந்துவிட்டார்." சிஞ்ஞோரா தன் வெறும் விரலைத் தடவினார்.

"களவெடுத்தவள் நான்."